ஒரு மழை, ஒரு லட்சம் லிட்டர்

(மானாவாரிப் பயிற்சியின் தொடக்க நாளில் பயிற்சிக் குழு சார்பில் பேசியது)



முதல்ல ஒரு கணக்கு சொல்றோம். கடன் கணக்கு இல்லை, மழைக் கணக்கு. ஒரு ஏக்கர்ல ஓர் அங்குல மழை, அதாவது 25 மில்லிமீட்டர் பெய்தால், அந்த நிலத்தில் விழுகிற தண்ணி ஒரு லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் லாரியில 10 லாரி. விலைக்கு வாங்கினா என்ன ஆகும்னு தண்ணி வாங்கினவங்களுக்குத் தெரியும். அவ்வளவும் சரிவு பார்த்து ஓடிப்போகுது, மேல்மண்ணையும் கூட்டிக்கிட்டு. ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள்ள பெய்து முடிஞ்சிடுது. அந்த மூணு மாசம் விட்டா விட்டதுதான். அதனாலதான் இந்தப் பயிற்சியை மழைக்கு முன்னாடியே வச்சிருக்கோம்.

சரிவுக்குக் குறுக்கே உழணும், வரப்பு போடணும்னு எல்லோரும் சொல்வாங்க. குறுக்கு எதுன்னு கண்ணால பார்த்தா பல நேரம் ஏமாத்திடும். அதுக்கு ரசமட்டம் வேண்டாம், மூணு கம்பு போதும். ஏழடிக் கம்பு ரெண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, காலை அகட்டி, நடுவுல நாலடிக் கம்பைக் குறுக்கே கட்டுங்க. உச்சியிலிருந்து கயித்துல ஒரு கல்லு, குறுக்குக் கம்புக்குக் கீழே தொங்கட்டும். சட்டத்தை நிறுத்தி, கயிறு குறுக்குக் கம்பைத் தொடுற இடத்துல கரியால கோடு போடுங்க. ரெண்டு காலையும் இடம் மாத்தி, அதே குழியில வச்சு இன்னொரு கோடு. ரெண்டுக்கும் நடுவுல மூணாவது கோடு. கயிறு அந்த நடுக்கோட்டுல நின்னா ரெண்டு காலும் ஒரே மட்டம்.

இனி நிலத்துல ஒரு முளை அடிச்சு, அங்கே ஒரு காலை வச்சு, அடுத்த காலை மேலே கீழே நகர்த்தி மட்டம் பாருங்க. மட்டம் வந்த இடத்துல அடுத்த முளை. இப்படியே நடத்திக்கிட்டுப் போனா முளைகள் வளைஞ்சு நெளிஞ்சுதான் வரும். வளைவா இருக்கேன்னு நேராக்கிடாதீங்க. அந்த வளைவோடதான் வரப்பும் ஏரும் போகணும். அப்பத்தான் தண்ணி நின்னு இறங்கும்.

அடுத்து ஆடு. நம்ம குழுக்கள்ல ஆட்டுக் கடன் வாங்காத குழு உண்டா? நிலத்தைத் தனியா, ஆட்டைத் தனியா பேசினா மானாவாரி நிக்காது. வரப்போரம் அகத்தி, கிளைரிசிடியா, சூபாபுல் நட்டா வரப்பும் பிடிக்கும், தழையும் ஆகும். சூபாபுல் மட்டும் மொத்தத் தீவனத்துல மூணுல ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். சீமைக்கருவேல் நெத்தைத் தின்ன ஆட்டுப் புழுக்கையில விதை சாகாம வெளியே வரும். அதை அப்படியே நிலத்துல கொட்டினா முள்ளுக்காட்டை நாமே விதைச்ச மாதிரி. குழியில் போட்டு நல்லா மக்க வச்சுப் போடுங்க. குடற்புழு மருந்தும் துள்ளுமாரித் தடுப்பூசியும் மழைக்கு முன்னாடியே.

மண்டபத்துல உட்கார்ந்து டீ குடிச்சுட்டுப் போற பயிற்சியை நாங்க நிறையப் பார்த்தாச்சு. 1989-ல் இந்தோனேசியாவில் நெல் விவசாயிகளுக்கு வயல்லயே பள்ளி நடத்தினாங்க. வாராவாரம் கூடி, பயிரைப் பார்த்து, விவசாயிகளே முடிவெடுத்தாங்க. பிறகு கென்யாவின் வறண்ட பகுதியில் ஆடு மாடு மேய்க்கிறவங்களுக்கும் அது போச்சு. நம்ம பயிற்சியும் அந்த முறைதான்.

இன்னொன்று. பயிற்சிக் கடிதம் பட்டாவில் பேர் உள்ளவங்களுக்கே போகுது. விதை காக்கிறதும், களை எடுக்கிறதும், ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறதும் யாருன்னு கடிதம் எழுதுறவங்க கேட்கிறதில்லை. இங்கே பட்டா கேட்க மாட்டோம். குத்தகை நிலமா இருந்தாலும், ஆடு மட்டும் வச்சிருந்தாலும் வாங்க. குழுவுக்கு ரெண்டு பேர், ஊக்குநர்கிட்ட பேர் கொடுங்க. வரும்போது மூணு கம்பு, கொஞ்சம் கயிறு, கைக்கு அடங்குற ஒரு கல்லு. மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி முதல் முளை அடிச்சிடலாம்.