சந்திரனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

(காஞ்சிபுரத்தில் நெசவுத் தோழர்களிடையே செய்த சொற்பொழிவு)



நிலாவிடத்தில் பிரியமில்லாதவர் யாருமில்லை. தாய் அதைக் காட்டித்தான் பிள்ளைக்குச் சோறூட்டுகிறாள். இவ்வூரிலோ கேட்க வேண்டியதில்லை. சிவன் தலையில் பிறை. ஏகாம்பரநாதர் கோயிலுக்குள்ளேயே இருக்கும் பெருமாளுக்குப் பெயர் நிலாத்துண்டப் பெருமாள். அந்தப் பிரியத்தைக் குறைகூற நான் வரவில்லை. அதைக் காட்டி உங்கள் கூலியைப் பிடுங்குகிறார்களே, அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

"உன் ராசிக்கு எட்டில் சந்திரன் வந்துவிட்டான், சந்திராஷ்டமம், புதுப் பாவு ஏற்றாதே, பேரம் பேசாதே" என்கிறான் ஜோசியன். சிலர் தறியில் உட்காரவே அஞ்சுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சந்திரன் 12 ராசியையும் சுற்றிவர 27 நாளுக்குச் சற்று மேல். ஆகவே ஒரு ராசிக்குச் சுமார் 2¼ நாள். வருஷத்திற்குக் கூட்டினால் ஆளுக்கு 30 நாள்! ஒரு மாதம் தறியை நிறுத்தினால் கடன்காரன் வட்டியை நிறுத்துவானா? ஜோசியன்தான் தட்சணையை விடுவானா?

கோர்வைப் புடவைக்கு ஒரே தறியில் இருவர் உட்காருகிறீர்கள். ஒருவருக்குச் சந்திராஷ்டமம், மற்றவருக்கு இல்லை என்றால், அந்தப் புடவையில் எந்தப் பக்கத்து இழை அறும்? யோசித்துச் சொல்லுங்கள்.

உண்மையான சம்பந்தம் வேறு. சுமார் 450 கோடி வருஷங்களுக்கு முன் செவ்வாய் அளவுள்ள ஒரு கோளம் பூமியில் மோதிச் சிதறிய பொருளே திரண்டு சந்திரனாயிற்று என்பது விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் கொள்கை. நிலவுக்கு அனுப்பும் வண்டியை இங்கே ஓட்டிச் சோதிக்க நிலா மண்ணைப் போன்ற மண் வேண்டியிருந்தபோது, அது நாமக்கல் ஜில்லா சித்தம்பூண்டிப் பாறையில் கிடைத்தது. 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பக்கம் இறங்கிற்று. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல். இறங்கும் நாளை நிச்சயித்தது பஞ்சாங்கமல்ல. அவ்விடத்தில் சூரியன் உதிக்கும் கணக்கு. வெயில் இல்லாவிட்டால் கலத்துக்கு மின்சாரமில்லை.

தோழர்களே! என் பேச்சையும் நம்பிவிட வேண்டாம். ஒரு வருஷம் சந்திராஷ்டம நாட்களிலும் நெய்யுங்கள். அன்று அறுந்த இழை எத்தனை, மற்ற நாளில் அறுந்தது எத்தனை என்று நோட்டில் குறியுங்கள். அந்த நோட்டை ஜோசியன் முன் விரித்துவைத்துப் பதில் கேளுங்கள்.