கைத்தொழிலும் அயலுறவும்



களிமண்ணிற் பிடித்த உருவங்களும், மரத்திற் செதுக்கிய மயில்களும், சிரட்டைக் கிண்ணங்களும் இம்மண்டபத்தில் வரிசையாக இருக்கின்றன. எல்லாம் ஓய்வு நேரத்தில் நம் கைகள் செய்தவை. பார்த்துப் புகழ்ந்து கலைவதற்காகவா இவற்றை வைத்தோம்? அன்று, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பதற்காகவே வைத்தோம்.

காரைதீவில் 1892-ல் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழைப் பழைய இலக்கியங்களிலிருந்து ஆராய்ந்தறிந்தார். 1947-ல் 'யாழ் நூல்' அரங்கேறியபோது, அவர் ஆராய்ச்சியின்படி செய்த யாழ்களும் சபையோர் கண்முன் வந்தன. மறைந்த கைத்தொழிலை மீட்பதற்கு ஆண்டுக்கணக்கான உழைப்பு வேண்டும். வாழுந் தொழிலைக் காப்பதற்கோ, செய்பவர் அருகிருந்து கற்றாற் போதும்.

நமக்கு அயலே, மருதமுனை முஸ்லிம் சகோதரரின் கைத்தறி பேர்பெற்றது. பாவும் ஊடும் கூடினாலன்றிச் சேலை இல்லை. 2004-ல் கடல் பொங்கியபோது அவ்வூரும் நம்மூர்களும் ஒருங்கே துயருற்றன. துயரிற் கூடிய நாம் தொழிலிலும் கூடலாகாதா?

ஆதலால், அடுத்த ஆண்டு அவர்களையும் அழைப்போம். நமது மண்ணுருவங்களின் பக்கத்தில் அவர்தம் நெசவும் இருக்கட்டும். ஒவ்வொரு பொருளருகிலும் செய்தவரே நின்று, செய்முறையைச் சொல்லட்டும். கேட்கும் சிறுவருள் ஒருவனேனும் வீடு சென்று செய்து பார்ப்பானாயின், அதுவே நம் சங்கத்தின் பேறு.