மோட்டாருக்கும் விலாசம் வேண்டும்

மாட்டுக்குச் சூடு போட்டு அடையாளம் வைத்தவர்கள் நாம். மோட்டாருக்கு என்ன அடையாளம் வைத்திருக்கிறோம்?

எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவரின் கிணற்று மோட்டார் களவு போயிற்று. சில வாரத்தில் திருடனும் பிடிபட்டான். காவல் நிலையத்தில் நாலு மோட்டார்கள் கிடந்தன. எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே பச்சை வர்ணம். "இதிலே உங்களது எதுங்க?" என்று கேட்டார்கள். மனுஷர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், சொல்லத் தெரியவில்லை. நம்பர் தகட்டைத் திருடன் பெயர்த்து எறிந்திருந்தான். பில்லும் கைவசம் இல்லை. வெறுங்கையோடு திரும்பினார்.

மீட்ட பொருளைக் கோர்ட்டு மூலம்தான் வாங்க வேண்டும். அங்கே வாய்ச்சொல் போதாது, அத்தாட்சி வேண்டும்.

ஆகவே, உங்கள் பெயரின் முதலெழுத்தையும் நிலத்தின் சர்வே எண்ணையும் சேர்த்து ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். லேத் பட்டறையில் எழுத்து, எண் பஞ்சுகள் இருக்கும். மோட்டாரில் குத்துவதற்கு முன் மெயினை அணைத்து, பியூஸ் கட்டைகளைக் கழற்றிவிட வேண்டும். வார்ப்பிரும்பு விரிசல் விடக்கூடியது. அதனால் கனமான அடிப்பாகத்தில் மட்டும் குத்துங்கள்; பேரிங் இருக்கும் இடத்திலும் மெல்லிய விளிம்பிலும் வேண்டாம். கம்பெனி நம்பர் மேலே கை வைக்கவே கூடாது.

அடையாளம் இரண்டு இடத்தில் இருக்கட்டும். ஒன்று பளிச்சென்று தெரிய வேண்டும். திருட வருபவன் யோசிப்பான். மற்றொன்று உங்களுக்கு மட்டும் தெரிந்த மறைவிடத்தில். ஒன்றை அவன் ராவி அழித்தாலும் மற்றது சாட்சி சொல்லும். பிளாஸ்டிக் தெளிப்பான், மண்வெட்டிக் காம்பு இவற்றுக்குப் பழுக்கக் காய்ச்சிய கம்பியே போதும். தெளிப்பானில் மருந்துத் தொட்டியைத் தொடாமல், கைப்பிடியில் சூடு வையுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். செப்பு ஒயரை எரித்து விற்பவனை இந்த அடையாளம் தடுக்காது. ஒயரை மண்ணுக்கடியில் குழாயில் கொண்டுபோய், மோட்டார் அறையைப் பூட்டி வைப்பதுதான் வழி.

கம்பெனி பெயர், குதிரைத்திறன், நம்பர், வாங்கிய தேதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பில்லையும் நோட்டையும் வீட்டில் வையுங்கள், மோட்டார் அறையில் அல்ல. அடையாளம் தெரியும்படி செல்போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். களவு போனால் அன்றைக்கே புகார் கொடுங்கள். புகாரில் அடையாளத்தை எழுதி, முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள், அது இலவசம்.

பழைய மோட்டார் வாங்குகிறீர்களா? நம்பர் ராவியிருந்தால், விலை மலிவென்று தொடாதீர்கள். அது இன்னொரு விவசாயியின் பயிருக்குப் பாய வேண்டிய தண்ணீர்.