கூரையில ஒட்டியிருந்த இலை

‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படம் வந்ததுலேர்ந்து ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் என்கிட்ட ஒரே கேள்விதான் கேட்கிறாங்க: “நீ இன்னுமா குகைக்குள்ள போறே?” போறேன். எப்படிப் போறேன்னு இன்னிக்குச் சொல்றேன்.

நான் போறது மேகாலயாவுக்கு. காசி மொழியில குகைக்கு ‘க்ரெம்’னு பேர். ஜயந்தியா மலையில இருக்கிற க்ரெம் லியாட் ப்ரா 30 கிலோமீட்டருக்கு மேல நீளம். மௌசின்ராம் பக்கத்துல இருக்கிற க்ரெம் பூரி சுமார் 24 கிலோமீட்டர், அது மணற்பாறை. மத்தது பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. மழைத்தண்ணி மண்ணுல இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடை இழுத்துக்கிட்டு லேசான அமிலமா மாறி, பாறையைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சுப் போட்ட வழி அது. தண்ணியோட வழியிலதான் நாம தவழ்ந்து போறோம். மழை பெய்ஞ்சா அது திரும்பி வந்துடும். அதனாலதான் சீசன் நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும்.

நாங்க போனது மார்ச் கடைசியில. நாலு பேர், கூட ஊர்க்காரர் ஒருத்தர். அவரை ‘பாஹ்’னு கூப்பிட்டோம், நம்ம ஊர்ல அண்ணேன்னு சொல்ற மாதிரி. ரெண்டு மணி நேரம் உள்ள போயாச்சு. ஒரு இடத்துல கழுத்து வரைக்கும் தண்ணி, அப்புறம் வயித்தைத் தேய்ச்சுக்கிட்டே ஒரு இடுக்கு. (வௌவால் எச்சத்தைப் பத்திக் கேட்காதீங்க.) அதைத் தாண்டினா பெரிய ஹால் ஒண்ணு வரும், அதுக்காகத்தான் வந்ததே.

பாஹ் மேல லைட் அடிச்சார். கூரையில சுள்ளி, இலை எல்லாம் ஒட்டியிருந்துச்சு. வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்துபோன அடையாளம். அது எல்லா குகையிலயும் இருக்கும்தான். ஆனா இது பச்சை இலை.

“திரும்பிடலாம்”னார்.

“வெளியில வெயில் அடிக்குதே, பாஹ். இன்னும் அம்பது மீட்டர்தான்”னு நான் வாதாடினேன். மழை இங்க பெய்யணும்னு இல்ல, மேல மலையில பெய்ஞ்சா போதும்னு சொல்லிட்டு அவர் நடக்க ஆரம்பிச்சுட்டார். தாய்லாந்துல தாம் லுவாங் குகை ஞாபகம் வந்துச்சு. 2018 ஜூன் 23ஆம் தேதி உள்ள போன 12 பசங்களும் அவங்க கோச்சும் முழுசா வெளியே வர ஜூலை 10 ஆச்சு. காப்பாத்தப் போன முக்குளிப்பாளர் ஒருத்தர் உயிரே போச்சு. வாயை மூடிக்கிட்டுப் பின்னாடியே போனேன்.

அன்னிக்கு மழை வரவே இல்ல. ஒரு ஃப்ரெண்டு ராத்திரி சாப்பாட்டு வரைக்கும் முகம் கொடுத்துப் பேசல. எனக்கும் கடுப்புதான், மறைக்க மாட்டேன்.

நீங்க போறதா இருந்தா: தனியா வேண்டாம், ஊர்க்காரங்க இல்லாம வேண்டாம், எத்தனை மணிக்குத் திரும்புவோம்னு வெளியில ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போங்க. ஆளுக்கு மூணு லைட். ஃபோன் டார்ச் அந்தக் கணக்குல சேராது.

நவம்பர்ல அதே ஹாலுக்குத்தான் திரும்பப் போறோம். மூணாவது லைட்டு போன தடவை கடன் வாங்கினது, இந்தத் தடவை சொந்தமா வாங்கணும்.