பூட்டு என்னும் சொல்: ஆங்கிலச் சொல்வகையும் தமிழிலக்கணமும்



ஆங்கில இலக்கணம் பயிலப் புகும் மாணவர்முன் முதற்கண் வைக்கப்படுவது எண்வகைச் சொற்பட்டியல்: நவுன், புரோநவுன், வெர்ப், அட்ஜெக்டிவ், அட்வெர்ப், பிரிபொசிஷன், கன்ஜங்ஷன், இன்டர்ஜெக்ஷன். வீட்டில் ஆங்கிலமே கேட்டறியாத ஊர்ப்புறப் பிள்ளைகள் இப்பட்டியலை நெட்டுருச் செய்துவிடுகின்றனர். ஆயினும் ஒரு வாக்கியத்தைக் கண்டதும் மலைத்து நிற்கின்றனர்.

எட்டு என்பது இயற்கை விதியன்று. கிரேக்க இலக்கணம் வகுத்த எட்டினுள் பெயரடை தனிவகையாக இல்லை. அது பெயருள் அடங்கியிருந்தது. இலத்தீன் வழியே வந்த அவ்வகைப்பாடு காலந்தோறும் மாறியே இன்றைய வடிவம் பெற்றது. தொல்காப்பியரோ பெயர், வினை என்னும் இரண்டையே முதன்மையாகக் கொண்டு, இடைச்சொல்லையும் உரிச்சொல்லையும் அவற்றைச் சார்ந்தனவாக வைத்தார்.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டையே சான்றாகக் கொள்ளலாம். ‘பூட்டு உறுதியானது’ என்னுமிடத்துப் பூட்டு பெயர். ‘கதவைப் பூட்டு’ என்னுமிடத்து அதுவே ஏவல் வினை. ஆங்கில ‘லாக்’ என்னும் சொல்லும் அவ்வாறே இருநிலையும் ஏற்கும். சொல்லின் வகையைத் தீர்மானிப்பது வாக்கியத்தில் அது ஆற்றும் பணியே என்பதை மாணவர் தம் ஊர்ச் சொல்லாலேயே உணர்வர்.

வேறுபாடுகளும் இவ்வழியே விளங்கும். ‘விரைவான வண்டி’, ‘விரைவாக ஓடு’ என்பவற்றில் ‘ஆன’, ‘ஆக’ என்னும் ஈறுகள் பெயரடையையும் வினையடையையும் பிரித்துக் காட்டுகின்றன. ஆங்கில ‘ஃபாஸ்ட்’ ஈரிடத்தும் உருமாறாது. அதன் இடமே வகையை உணர்த்தும். ‘மலைமேல் கோட்டை’ என்பதில் ‘மேல்’ பெயருக்குப் பின் நிற்கிறது. ஆங்கிலத்திலோ ‘ஆன் த ஹில்’ என ‘ஆன்’ பெயருக்கு முன் நிற்கும். வேற்றுமையுருபு அறிந்த மாணவர்க்குப் பிரிபொசிஷன் புதிய பொருளன்று. இடம் மாறிய பழைய உறவே.

ஆகவே ஆங்கில வகுப்பில் தமிழிலக்கணத்தை விலக்கிவைப்பது, பிள்ளையிடம் முன்னரே உள்ள அறிவைப் பறிப்பதாகும். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரு வாக்கியத்தை இருமொழியிலும் பகுத்துக் காட்டுவராயின், இலக்கணம் அச்சந்தரும் பட்டியலாக இராது; எண்ணத்தை ஒழுங்குபடுத்தும் துணையாகும். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலில் நிற்கும் பிள்ளைகளுக்கு அத்துணை மிக இன்றியமையாதது.