எந்த இயக்க அமைப்பு நல்லது?



ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. முன்னது தமிழ்நாடு, பின்னது கருநாடகம். இந்த எல்லையை நாள்தோறும் வேலையின் பொருட்டும் கல்வியின் பொருட்டும் எத்தனையோ பேர் கடக்கின்றனர். கடைத்தெருவில் தமிழில் பேரம் பேசுகின்ற ஒருவர், அண்டை வீட்டாரோடு தெலுங்கில் உரையாடுகின்றார். அத்திப்பள்ளியில் பேருந்தைவிட்டு இறங்கியதும் கன்னடத்தில் வழி கேட்கின்றார். இம்மூன்று மொழிகளுள் எது நல்லது என்று அவரைக் கேட்டால் அவர் சிரிப்பார். "யாரிடம் என்ன வேலையாகப் போகின்றீர்கள்? அதை முதலில் சொல்லுங்கள்" என்பார்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டுள்ள கேள்வியும் அத்தகையதே. விண்டோஸ் நல்லதா, லினக்ஸ் நல்லதா, மேக் நல்லதா என்று மாணவர் பலர் வினவுகின்றனர். எல்லை நகரத்து மக்கள் தரும் விடையையே நானும் தர விரும்புகின்றேன். ஆயினும் அந்த விடையை நாம் பயன்படுத்த வேண்டுமாயின், ஒவ்வொன்றின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும் அன்றோ?

முதலில், ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று வழங்கப்பெறுவதும், நம் பாடநூல்கள் இயக்க அமைப்பு என்று குறிப்பதும் யாது? ஓசூர்ச் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்கூடத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே லேத் உண்டு, துளையிடும் எந்திரம் உண்டு, பொருள்களை வைக்கும் ஸ்டோர்ஸ் உண்டு. வேலையாட்கள் பலர் ஒரே நேரத்தில் ஒரே எந்திரத்தைக் கேட்டால் யாருக்கு முதலில் கொடுப்பது? எந்தப் பொருளை எந்த அடுக்கில் வைப்பது? உள்ளே வரத்தக்கவர் யார், தகாதவர் யார்? இவற்றையெல்லாம் ஓயாது முடிவு செய்பவர் ஃபோர்மன். கணினியில் அந்த ஃபோர்மனின் வேலையைச் செய்வதே இயக்க அமைப்பு. செயலியின் நேரத்தைப் பங்கிடுவதும், நினைவகத்தில் இடம் ஒதுக்குவதும், கோப்புகளை ஒழுங்காக வைப்பதும், விசைப்பலகையும் அச்சுப்பொறியும் பேசுவதைப் புரிந்துகொள்வதும், அயலார் புகாமல் காப்பதும் அதன் கடமைகள். நாம் கடிதம் எழுதும்போதும் கணக்குப் போடும்போதும் அது கண்ணுக்குத் தெரியாமல் பின்னே நிற்கின்றது.

இனி, ஒவ்வொன்றாகக் காண்போம். விண்டோஸ், அமெரிக்காவின் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாருடையது. அதன் முதற்பதிப்பு 1985ஆம் ஆண்டில் வந்தது. 1995இல் வந்த பதிப்பு அதனை உலகெங்கும் பரப்பிற்று. கடையில் நாம் வாங்கும் கணினிகள் பெரும்பாலும் விண்டோஸுடனேயே வருகின்றன. நம் பகுதியின் தொழிற்கூடங்களில் வேலைக்குச் செல்ல விரும்பும் மாணவர் ஒன்றைக் கருத வேண்டும். கணக்கர்கள் பயன்படுத்தும் டேலி, பொறியாளர்கள் எந்திர உறுப்புகளை வரையும் சாலிட்வொர்க்ஸ் ஆகியவை விண்டோஸுக்கென்றே அமைந்தவை. பாலிடெக்னிக்கில் எந்திரவியல் படிக்கும் மாணவர் ஒருவர் விண்டோஸை அறியாமல் இருத்தல் இயலாது. இது அதன் பெரும் வலிமை. அதன் உரிமத்திற்கு விலை உண்டு என்பதும், பலரும் பயன்படுத்துவதால் நச்சுநிரல் எழுதுவோரின் முதற்குறி அதுவே என்பதும் அதன் குறைகள்.

லினக்ஸின் கதை வேறு. 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், தாம் ஒரு சிறு இயக்க அமைப்பை எழுதிவருவதாக உலகுக்கு அறிவித்தார். அடுத்த ஆண்டு, யாரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் பொது உரிமத்தின் கீழ் அதனை வெளியிட்டார். அவ்வுரிமம், ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ என்னும் இயக்கத்தில் பிறந்தது. அன்று முதல் பல நாட்டினரும் கூடி அதனை வளர்த்து வருகின்றனர். உபுண்டு, டெபியன், மின்ட் என்பன அதன் பல வடிவங்கள். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் டெபியனை அடிப்படையாகக் கொண்டு, இந்திய மொழிகளுக்கு இடம் தந்து, பாஸ் என்னும் வடிவத்தை 2007இல் வெளியிட்டனர்.

தமிழ்நாட்டு மாணவர்க்கு லினக்ஸ் புதிதன்று. அரசு நிறுவனமாகிய எல்காட் 2007ஆம் ஆண்டை ஒட்டித் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிற்று. 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே வந்த கணினிகள் பலவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் அருகருகே இருந்தன. 2018இல் வெளிவந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலும் விண்டோஸையும் உபுண்டுவையும் சேர்த்தே கற்பிக்கின்றது. எனினும், கணினியைத் திறந்ததும் தோன்றும் இரு பெயர்களுள் ஒன்றனை ஒருமுறையேனும் தொட்டுப் பார்க்காமல் ஆண்டுகளைக் கழித்த மாணவர் உண்டு. அறியாத தெருவில் நடக்க அஞ்சுவது போன்றது அவ்வச்சம். உண்மையில் நம்முள் பெரும்பாலோர் அந்தத் தெருவில் நாள்தோறும் நடக்கின்றோம். 2008 முதல் விற்பனைக்கு வந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உட்கரு லினக்ஸே ஆகும்.

மூன்றாவது, ஆப்பிள் நிறுவனத்தாரின் மேக். 1984இல் மெக்கின்டாஷ் என்னும் கணினியோடு அது தோன்றிற்று. 2001 முதல் அதன் அடித்தளம் யூனிக்ஸ் மரபைச் சார்ந்தது. கணினியையும் இயக்க அமைப்பையும் ஒரே நிறுவனத்தார் செய்வதால் இரண்டும் நன்கு இசைந்து செயற்படுகின்றன. படத்தொகுப்பும் இசைத்தொகுப்பும் செய்வோர் அதனை விரும்புகின்றனர். ஆனால் அவர்கள் செய்யும் கணினியிலன்றிப் பிறவற்றில் அதனை நிறுவ அவர்தம் உரிமம் இடந்தருவதில்லை. அக்கணினியின் விலையோ மிகுதி. ஓசூரை அடுத்த டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் உறைப் பாகங்கள் செய்யப்பெறுகின்றன. அங்கே உழைக்கும் இளைஞரின் வீட்டு மேசைக்கு மேக் கணினி எளிதில் வந்துவிடாது. விலையைக் கருதாமல் ஒன்றைச் சிறந்தது என்று புகழ்வது நமக்குப் பயன்படாத புகழ்ச்சி.

இவற்றுள் நமக்குரியதைத் தெரிந்துகொள்ள நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். என் வேலை எது? என் கையிலுள்ள கணினி எத்தகையது? என் மொழியில் எழுத முடியுமா? என் பணமும் என் தரவும் காக்கப்படுமா?

மொழியைப் பற்றிய கேள்விக்கு நல்ல விடை கிடைத்துவிட்டது. 2000ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் பதிப்பு ஒருங்குறித் தமிழுக்கு இடமளித்தது. லினக்ஸும் மேக்கும் இன்று அதனை ஏற்கின்றன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டின் வழி வந்த தமிழ்99 விசைமுறையை மூன்றிலும் பயன்படுத்தலாம். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வேண்டும் நம் பகுதியினர்க்கு இது பெரும் நன்மை. பழைய தனிக்குறியீட்டு எழுத்துருக்களில் எழுதிய கடிதம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தோன்றும். ஒருங்குறியில் எழுதியதோ எந்த இயக்க அமைப்பிலும் தமிழாகவே நிற்கும். ஆதலின் நீங்கள் எதனைப் பயன்படுத்தினாலும் ஒருங்குறியிலேயே எழுதுங்கள்.

கணினியைப் பற்றிய கேள்வி இப்போது அவசரமானது. விண்டோஸ் 10 என்னும் பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு பொதுவில் முடிவுற்றன. தனிப் பயனாளர்க்கு ஓராண்டு நீட்டிப்புத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. அதனை அடுத்த விண்டோஸ் 11 வேண்டுவனவோ பல. குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு, குறிப்பிட்ட பட்டியலில் உள்ள செயலி ஆகியவை வேண்டும். 2017ஆம் ஆண்டுக்கு முந்திய இன்டெல் செயலிகளுள் ஏறத்தாழ எதுவும் அப்பட்டியலில் இல்லை. எனவே திட்டத்தின் முதல் ஆண்டுகளில் வந்த மடிக்கணினிகளும், வீட்டில் அண்ணனோ அக்காவோ பயன்படுத்திவிட்டு வைத்த கணினிகளும் அந்த வாயிலில் நிறுத்தப்படுகின்றன.

அக்கணினி அன்றே நின்றுவிடாது. திரை ஒளிரும், விசைகள் அழுந்தும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பார் இல்லை. பூட்டுப் பழுதான வீட்டில் பணத்தை வைப்பார் உண்டோ? அவ்வாறாயின், அக்கணினியைப் பழைய பொருள் கடையில் எடைக்குப் போடுவதா? புதியது வாங்க ஒரு தொழிலாளியின் குடும்பம் ஒரு மாத ஊதியத்தையோ அதற்கு மேலுமோ செலவிட வேண்டியிருக்கும். வாங்க இயலாத வீட்டில் பிள்ளையின் கல்வி தடைப்படும். ஆதலின் இது வெறும் தொழில்நுட்ப வினா அன்று.

இங்கேதான் லினக்ஸ் கைகொடுக்கின்றது. லினக்ஸ் மின்ட் போன்ற வடிவம் 2 ஜிபி நினைவகத்திலேயே இயங்கும். 4 ஜிபி இருந்தால் வசதியாக இயங்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் விலையின்றிக் கிடைக்கும். கட்டுரை எழுதவும் கணக்கு அட்டவணை போடவும் லிப்ரே ஆபீஸ் உண்டு. நிரல் எழுதப் பைத்தானும் சி மொழியும் உண்டு. வரைபடம் பழக ஃப்ரீகேட் உண்டு. பெரும்பாலான மாணவரின் அன்றாடத் தேவை இவ்வளவே.

ஆனால் உடனே மாற்றிவிடுங்கள் என்று நான் கூறவில்லை. முதலில், உங்கள் கோப்புகளை எல்லாம் வேறொரு வட்டில் படியெடுத்து வையுங்கள். இதனைச் செய்யாமல் தொடங்கியவர் பிறகு வருந்துவர். அடுத்து, லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலேயே இயக்கிப் பாருங்கள். கம்பியில்லா இணையம் கிடைக்கின்றதா, ஒலி கேட்கின்றதா, உங்கள் அச்சுப்பொறி அச்சிடுகின்றதா என்று சோதியுங்கள். எல்லாம் சரியாயின் நிறுவுங்கள். தந்தையார் அதே கணினியில் டேலியில் கணக்கு எழுதுபவராயின், அல்லது விண்டோஸில் மட்டும் இயங்கும் மென்பொருள் உங்கள் பாடத்திற்கு வேண்டுமாயின், முழுவதும் மாற்றாதீர்கள். விண்டோஸ் 11 ஏற்கும் கணினியை அவ்வேலைக்கு நாடுவதே முறை. உரிமம் இல்லாத திருட்டுப் படிகளை மட்டும் எந்நாளும் நாடாதீர்கள். அவை சட்டத்திற்கு மாறானவை என்பதோடு, பல நேரங்களில் நச்சுநிரலையும் உடன் கொண்டுவருவன.

மாணவ நண்பர்களே, முடிவாக ஒன்று கூறுகின்றேன். இன்று நீங்கள் பழகும் பொத்தான்களும் பட்டியல்களும் நாளை மாறும். 1985இன் விண்டோஸ் இன்று அருங்காட்சிப் பொருள். மாறாமல் நிற்பவை சில அடிப்படைகள். கோப்பு என்றால் என்ன, நினைவகம் எவ்வாறு பங்கிடப்படுகின்றது, ஒரு பயனருக்கு எவ்வளவு உரிமை தருவது, பூட்டு ஏன் வேண்டும் என்பன அவை. இவற்றைக் கற்றவர்க்கு எந்த இயக்க அமைப்பும் அயல்நாடு அன்று. ஒரே ஒன்றின் பொத்தான்களை மனப்பாடம் செய்தவரோ, பதிப்பு மாறியதும் வாயிலில் நின்று விழிப்பர்.

மூன்று மொழிகளை இயல்பாகப் பேசும் எல்லைப் பகுதியில் வளர்ந்தவர்கள் நீங்கள். ஒரு மொழியைக் கற்றதால் மற்றொன்றை இழக்க வேண்டுவதில்லை என்பதை உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே கண்டவர்கள். அதே நெஞ்சோடு கணினியையும் அணுகுங்கள். வேலைக்கு எது வேண்டுமோ அதனைப் பயன்படுத்துங்கள். மற்றொன்றையும் அறிந்து வையுங்கள். இந்த வாரமே, வீட்டு மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய மடிக்கணினி ஒன்று உண்டாயின், அதனை எடுத்துத் துடைத்து, மேலே சொன்ன முறைப்படி சோதித்துப் பாருங்கள். அது உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ இன்னும் சில ஆண்டுகள் உழைக்கக்கூடும்.