பேய் உலாவும் நடன மண்டபம்

(நமது கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)



அந்தமான் யாத்திரையைப் பத்து நிமிஷத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்று காரியதரிசி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே கடற்கரைகளையும் பவளப் பாறைகளையும் விட்டுவிட்டு, ஒரே ஒரு இடத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அது ஒரு பாழடைந்த நடன மண்டபம். பேய் உலாவும் இடம் என்று பெயர் வாங்கியது.

போர்ட் பிளேர் என்று நாம் படித்த ஊருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அங்கே படகு ஏறினால் கால் மணி நேரத்துக்குள் ராஸ் தீவு வந்துவிடும். 2018 முதல் அதற்கும் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர். ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத சின்னத் தீவு. ஆனால் 1858 முதல் சுமார் எண்பது வருஷம் வெள்ளைக்காரர்கள் இங்கிருந்துதான் அந்தமான் முழுவதையும் ஆண்டார்கள். தலைமை கமிஷனர் பங்களா, மாதா கோயில், ரொட்டிக் கிடங்கு, அச்சுக்கூடம், டென்னிஸ் மைதானம், நீச்சல் குளம் எல்லாம் இருந்தன. பொழுதுபோக்குக்குக் கிளப்பும், அதில் ஆடிப்பாட மண்டபமும் இருந்தன.

1941 ஜூன் 26-ம் தேதி பெரிய பூகம்பம் வந்தது. அடுத்த மார்ச்சில் ஜப்பானியர் வந்து இறங்கினார்கள். அத்துடன் அந்த வாழ்வு முடிந்தது. இப்போது கூரை கிடையாது. ஆலும் அத்தியும் சுவர்களைப் பற்றிக்கொண்டு வளர்ந்திருக்கின்றன. சில இடங்களில் சுவரை வேர் தாங்குகிறதா, வேரைச் சுவர் தாங்குகிறதா என்றே தெரியவில்லை. நடுவில் புள்ளிமான்கள் மேய்கின்றன.

படகில் கூட வந்த ஒருவர், ராத்திரியில் இங்கே வாத்திய சத்தம் கேட்குமாம், வெள்ளை உடுப்பில் ஒரு மாது நடமாடுவாளாம் என்று எங்களைப் பயமுறுத்திக்கொண்டே வந்தார். என் சகதர்மிணி அப்போதே ஹனுமான் சாலீஸாவை ஆரம்பித்துவிட்டாள். நாங்கள் போனது பட்டப் பகல். மண்டபத்துக்குள் நின்றபோது கேட்டதெல்லாம் காற்றும், கடலும், எங்கோ ஒரு மயில் அகவியதும்தான்.

ஆனால் அங்கே நின்றுகொண்டு சுற்றிலும் பார்த்தபோது, பேயைவிடப் பெரிய விஷயம் ஒன்று மனசில் பட்டது. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

இந்தத் தீவின் காட்டை வெட்டித் திருத்தியது யார்? 1858 மார்ச் 10-ம் தேதி டாக்டர் வாக்கர் என்ற சூப்பிரண்டெண்டு 200 கைதிகளுடன் அந்தமானில் வந்து இறங்கினார். 1857 கிளர்ச்சிக்குப் பின் தண்டனை பெற்றவர்கள். காலில் விலங்குடன் காட்டை அழித்தார்கள். காய்ச்சலில் பலர் மாண்டார்கள். தப்பி ஓடிப் பிடிபட்டவர்களில் 80 பேருக்கும் மேல் வாக்கர் ஒரே நாளில் தூக்கில் போட்டார். இன்று நாம் மண்டபம் என்று வாய் பிளந்து பார்க்கும் இடத்தின் அஸ்திவாரம் அவர்கள் உழைப்பு.

மண்டபத்திலிருந்து கொஞ்சம் நடந்து கரைக்கு வந்தால், எதிரே மேட்டில் செல்லுலார் சிறை தெரியும். 1896-ல் ஆரம்பித்து 1906-ல் முடித்தார்கள். அதைக் கட்டியவர்களும் கைதிகளே. ஏழு கிளைகள், சுமார் 690 தனி அறைகள். ஓர் அறையில் இருப்பவன் மற்றவன் முகத்தைப் பார்க்க முடியாதபடி, ஒரு கிளையின் முன்புறம் அடுத்த கிளையின் பின்புறத்தைப் பார்க்கும். நாளொன்றுக்கு முப்பது பவுண்டு தேங்காய் எண்ணெய் செக்காட்டித் தர வேண்டும். இந்தக் கரையில் பாண்டு வாத்தியமும் நடனமும் நடந்த அதே சாயங்காலங்களில், அந்தக் கரையில் இது நடந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு சிறு கடல் துண்டுதான்.

தீவில் வெள்ளைக்காரர்களின் கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. பெயர், வயது, தேதி எல்லாம் கல்லில் பொறித்திருக்கிறார்கள். அவர்களும் பிள்ளை குட்டிகளைப் பறிகொடுத்தவர்கள்தானே, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிறையிலும் அரசியல் கைதிகளின் பெயர்களைச் சலவைக் கல்லில் பதித்திருக்கிறார்கள். 1933 உண்ணாவிரதத்தில் பலவந்தமாக உணவு புகட்டப்பட்டு உயிர்விட்ட மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மொய்த்ரா மூவருக்கும் சிறைக்கு எதிரே சிலைகள் உண்டு. ஆனால் ராஸ் தீவின் காட்டை அழித்துவிட்டு மாண்டுபோனவர்களுக்கு, தேடித் தேடிப் பார்த்தும், ஒரு கல்லும் என் கண்ணில் படவில்லை.

சாயங்காலம் சிறை முற்றத்தில் ஒளி-ஒலிக் காட்சி நடக்கிறது. அங்குள்ள அரச மரமே கதை சொல்வதுபோல் அமைத்திருக்கிறார்கள். சிறையே நாடக அரங்காகிவிடுகிறது. பேய்க் கதை கேட்டுச் சிரித்துக்கொண்டு வந்த இளைஞர்கள்கூட அங்கே வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

பேய் உண்டா இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். நமக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். அமாவாசை தர்ப்பணத்தின் முடிவில் கூர்ச்சத்தைப் பிரித்து, எள்ளும் ஜலமும் விடுகிறோம். அது நம் அப்பா, தாத்தாவுக்கு மட்டும் அல்ல. தாயோ தகப்பனோ, சிநேகிதரோ பந்துவோ, யாருமே இல்லாதவர்களும் திருப்தி அடையட்டும் என்று சொல்லித்தான் விடுகிறோம். வாத்தியார் அவசரத்தில் அந்த வரி வேகமாகப் போய்விடும். அர்த்தம் தெரிந்து சொன்னால் மனசு நின்றுவிடும்.

அந்தமானுக்கு விமானத்தில் சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள், முருகன் கோயில் இருக்கிறது, சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. குழந்தைகளை அழைத்துக்கொண்டு அவசியம் போய் வாருங்கள். அந்த மண்டபத்தில் பேயைத் தேடுவதோடு, அதன் கல்லைச் சுமந்தவர்கள் யார் என்றும் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். போக முடியாதவர்கள் அடுத்த அமாவாசையில் அந்தக் கடைசி ஜலத்தை விடும்போது அவர்களை ஒரு கணம் நினைத்துக்கொண்டால் போதும்.